மாரி வெள்ளமும் நமது கிணறும்

ஐப்பசி பிறந்ததும் யாழ்ப்பாணத்துக் கமக்காரன் வானத்தை அண்ணாந்து பார்க்கின்றான். மழை பெய்யாதுவிடுமோ என்பது அவனுடைய முதற் கவலை. பெய்யத் தொடங்கிய மழை விடாதோ என்பது இரண்டாவது கவலை. இவ்விரு கவலைகளுக்கும் இடையிலேதான் குடாநாட்டின் வாழ்வு காலங்காலமாக நடந்து வருகின்றது. மாரி வெள்ளத்தைப் பகையென்று ஏசுகின்றோம். கோடையில் நாம் அள்ளிக் குடிக்கும் கிணற்று நீரோ அந்த மாரி தந்த கொடையே அன்றோ?

குடாநாட்டில் மலையும் இல்லை. வற்றாத ஆறும் இல்லை. தெல்லிப்பழைப் பக்கத்திலே தொடங்கி, கந்தரோடை, சண்டிலிப்பாய் ஊடாகச் சென்று, அராலியிற் கடல்நீரேரியை அடையும் வழுக்கியாறு மாரியில் மட்டுமே ஓடுகின்றது. ஆண்டொன்றுக்குக் கிடைக்கும் மழை ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர். அதிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களிலே வடகீழ்ப் பருவக்காற்றோடு கொட்டித் தீர்ந்துவிடும். வங்காள விரிகுடாவிலே ஒரு தாழமுக்கம் தோன்றிவிட்டால், பல நாள் மழை ஒரே நாளிற் பொழிவதும் உண்டு.

2025 நவம்பரில் டித்வாப் புயலின்போது மலைநாட்டிலே மண் சரிந்து ஊர்களை மூடிற்று. சமதரையாகிய குடாநாட்டு வெள்ளத்தின் இயல்பு வேறு. அது மெல்ல ஏறும். ஒழுங்கையை நிரப்பி, முற்றத்தில் நின்று, படியேறி, அடுக்களைக்குள் புகும். புகுந்தபின் நாட்கணக்காக வெளியேறாது கிடக்கும். அதுவே அதன் கொடுமை.

வெள்ளத்தின் நடுவே

விறகு நனைந்தால் அடுப்பு எரியாது. ஆதலால் நமது வீட்டுப் பெண்கள் புரட்டாசியிலேயே விறகையும் பன்னாடையையும் பரணில் ஏற்றிவிடுவார்கள். நெல்மூட்டை பலகையின்மேல் ஏறும். ஆடுமாடுகள் மேட்டுக் காணிக்குப் போகும். குழந்தை ஏணையை விட்டு இறங்காது. புற்றிலும் வேலியிலும் வாழ்ந்த பாம்புகள் ஈரமில்லாத இடந்தேடி வீட்டுக்குள் வருமாதலால், விளக்கின்றி இரவில் எவரும் கால் வைக்கமாட்டார்கள். நீர் மேலும் ஏறினால், பாடசாலையும் கோயில் மடமுமே புகலிடம். அங்கே ஒரே கிடாரத்தில் ஊர் முழுவதற்கும் கஞ்சி காய்ச்சப்படும்.

பெரியோர் இன்றும் மறவாத மாரிகள் சில உண்டு. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு இலங்கையின் வடபாகத்தைத் தாக்கிய புயல், அக்கரையில் தனுஷ்கோடியை அழித்தது. 2008 நவம்பர் இறுதியில் நிஷாப் புயல் கொணர்ந்த மழை குடாநாட்டை வெள்ளக்காடாக்கியது. அது போர்க்காலம்; கண்டி வீதி 2006 முதல் மூடப்பட்டிருந்தமையால் தென்னிலங்கையிலிருந்து தரைவழியாக உதவி வர வழியில்லாதிருந்தது. 2020 டிசம்பரில் புரெவிப் புயலும், 2024 நவம்பரில், பின்னர் பெங்கல் புயலாக உருவெடுத்த தாழமுக்கமும், மீண்டும் மக்களை வீட்டைவிட்டு வெளியேற்றின.

தண்ணீர் செல்லும் வழி

வெள்ளம் நிலத்தின்கீழ் என்ன செய்கின்றது என்பதை மாணவர்கள் அறிதல் வேண்டும். குடாநாட்டின் அடித்தளம் சுண்ணக்கல். மழைநீர் அக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கின்றது. புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணற்றில் மேல்நீர் நன்னீராகவும், ஆழஞ் செல்லச் செல்ல உவராகவும் இருப்பது இதற்குச் சான்று. மாரியிற் சேர்ந்த இந்நீரைக் கொண்டே கோடையில் வெங்காயமும் புகையிலையும் விளைவிக்கின்றோம். மழைநீரை இறங்கவிடாது கடலுக்குத் துரத்திவிட்டு, கிணற்றை இறைத்துக்கொண்டேயிருந்தால், உவர் மேலேறும்.

ஆனால் நன்னீர் இறங்கும் அதே வெடிப்பின் வழியே அழுக்கும் இறங்கும் என்பதை மறத்தலாகாது. மலசலகூடக் குழி நிரம்பி வழிந்தால் அது அயற்கிணற்றைச் சேர நெடுநேரம் செல்லாது. வெள்ளம் மூடிய கிணற்றை இறைத்துக் குளோரின் இட்டபின், சுகாதாரப் பரிசோதகர் நன்றென்று கூறும்வரை, கொதித்தாறிய நீரையே பருகவேண்டும். 2024 டிசம்பரில், வெள்ளம் வடிந்த சில நாட்களில், வடமராட்சிப் பகுதியில் எலிக்காய்ச்சல் உயிர்களைப் பறித்தது. எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் வெறுங்காலுடன் இறங்குவோரையே அந்நோய் பெரிதும் பற்றுகின்றது. வயலில் இறங்குவோர் முன்கூட்டியே வைத்திய அதிகாரியிடம் தடுப்பு மருந்து பெறுதல் நன்று.

முன்னோர் வெள்ளத்துக்கு இடம் வைத்தே ஊர் அமைத்தனர். வீட்டின் அத்திவாரத்தை உயர்த்தினர். தாழ்ந்த நிலத்தைக் குளமாகவும் வயலாகவும் விட்டனர். அவர்கள் அடைத்த கிடுகு வேலியும் பனையோலை வேலியும் கண்ணை மறைக்கும், தண்ணீரை மறிக்கமாட்டா. இன்று வேலி இருந்த இடத்திற் சீமெந்து மதில் நிற்கின்றது. ஒருவர் காணியைக் காக்கும் மதில் அடுத்தவர் வீட்டைக் குளமாக்குகின்றது. குளம் இருந்த இடத்தில் வீடு எழுகின்றது. வாய்க்கால் குப்பையால் தூர்கின்றது. பின்பு வெள்ளம் வந்ததென்று வானத்தை நொந்து பயன் என்ன?

வெள்ளம் வருமுன் அணை கோலவேண்டும் என்பது பழமொழி. நம்மைப் பொறுத்தவரை, வெள்ளம் வருமுன் வழி விடவேண்டும். மதில் கட்டுவோர் அடியிலே நீர் செல்லத் துவாரம் வைக்கலாம். கிணற்றுக்கட்டை உயர்த்தலாம். ஆவணியிலும் புரட்டாசியிலும் ஊரார் ஒருநாட் சிரமதானமாக மதகையும் வாய்க்காலையும் துப்புரவாக்கலாம். வயல் வரம்பைச் செப்பனிட்டு நீரைத் தேக்குவோர் தம் பயிருக்கு மட்டுமன்றி, அயலவர் கிணற்றுக்கும் ஊற்றுத் தருகின்றார்கள்.

இவற்றுக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. அயலவரோடு வேலிக்கரையில் நின்று பேசும் மனமே வேண்டும். மாரி அடுத்த ஆண்டும் வரும். வரும் நீர் அடுக்களைக்குள் புகுவதா, கிணற்றுக்குள் இறங்குவதா என்பது பெரிதும் நம் கையிலேயே இருக்கின்றது.