லேசரா, இங்க்ஜெட்டா? விலைப் பட்டியலுக்கு முன் காலண்டரைப் பாருங்கள்!

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. அடுத்து எல்லோரும் கேட்கும் கேள்வி, "எந்த பிரிண்டர் வாங்கலாம்?" என்பதுதான். சாஃப்ட்வேர் இன்ஜினியர் என்பதால் உறவினர்கள் என்னிடம் கேட்பார்கள். நானும் யோசிக்காமல் பதில் சொல்லி வந்தேன். எங்கள் வீட்டில் நடந்த ஒரு சம்பவத்துக்குப் பிறகு அப்படிச் சொல்வதில்லை.

திருநெல்வேலியில் உள்ள எங்கள் வீட்டுக்குக் கலர் இங்க்ஜெட் பிரிண்டர் வாங்கிக் கொடுத்தவன் நான்தான். விலை குறைவு, கலரும் வரும், ஸ்கேனரும் உண்டு. வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். நான்கு மாதம் கழித்து ஓர் இரவு, சென்னையில் இருந்த எனக்குத் தங்கையிடமிருந்து போன். மறுநாள் காலை அவள் புராஜெக்ட் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். "அண்ணா, எழுத்து பாதிதான் விழுது. நடுவுல வெள்ளைக் கோடு கோடா வருது" என்றாள். குரலில் அழுகை.

ஹெட் கிளீனிங் கொடுக்கச் சொன்னேன். ஒரு முறை, இரண்டு முறை, ஐந்து முறை. கோடு போகவில்லை. மைதான் தீர்ந்தது. ஜெராக்ஸ் கடைகளும் மூடிவிட்டன. காலையில் கடை எப்போது திறக்கும் என்று அப்பா அவளுடன் வாசலில் காத்திருந்து, 94 பக்கங்களையும் எடுத்து, பைண்டிங் செய்து கொடுக்க மதியம் ஆகிவிட்டது. அப்பா என்னைத் திட்டவில்லை. "வாங்கினதிலிருந்து முப்பது பக்கம்கூட எடுத்திருக்க மாட்டோமேப்பா, அதுக்குள்ள எப்படிக் கெட்டுப்போச்சு?" என்று மட்டும் கேட்டார். முப்பது பக்கம்கூட எடுக்காததுதான் கெட்டுப்போனதற்குக் காரணம்!

உள்ளே நடப்பது என்ன?

இங்க்ஜெட் திரவ மையில் வேலை செய்கிறது. தலைமுடியைவிட மெல்லிய நூற்றுக்கணக்கான துளைகள் வழியாக மைத்துளிகளைத் தாளில் தெளிக்கிறது. பல நாள் சும்மா இருந்தால் துளைகளில் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். அடைப்பை நீக்குவதுதான் ஹெட் கிளீனிங். அதற்கும் செலவாவது அதே மைதான்.

லேசர் பிரிண்டரில் மை கிடையாது. டோனர் என்ற உலர்ந்த பொடிதான் உண்டு. லேசர் ஒளி ஒரு டிரம் மீது எழுத்துகளை மின்னூட்டமாக வரைகிறது. அந்த இடங்களில் பொடி ஒட்டிக்கொண்டு தாளுக்கு மாறுகிறது. பிறகு சுமார் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருகித் தாளில் பதிகிறது. பொடி காய்ந்துபோக வழியில்லை. மூன்று மாதம் தொடாமல் வைத்தாலும் முதல் பக்கம் பளிச்சென்று வரும். தண்ணீர் பட்டாலும் எழுத்து கரையாது.

1984-ல் ஹெச்.பி. நிறுவனத்தின் முதல் லேசர்ஜெட் 3,495 டாலருக்கு விற்றது. வீட்டில் வைத்துக்கொள்ள முடியாத விலை. இன்று கறுப்பு வெள்ளை லேசர் வீட்டு பட்ஜெட்டுக்குள் வந்துவிட்டது. ஆனால் 'லேசர் என்றால் ஆபீசுக்கு' என்ற எண்ணம் மட்டும் போகவில்லை.

ஒரு பக்கத்துக்கு என்ன செலவு?

காட்ரிட்ஜ் விலையை, அது தரும் பக்கங்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு, 800 ரூபாய் இங்க் காட்ரிட்ஜ் 200 பக்கம் தந்தால் பக்கத்துக்கு 4 ரூபாய். 3,000 ரூபாய் டோனர் 1,500 பக்கம் தந்தால் 2 ரூபாய். டோனரின் விலை அதிகம், பக்கத்தின் செலவு குறைவு.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பெட்டியில் போட்டிருக்கும் பக்க எண்ணிக்கை, இங்க்குக்கு ஐ.எஸ்.ஓ. 24711, கறுப்பு டோனருக்கு ஐ.எஸ்.ஓ. 19752 போன்ற சோதனைகளில் தொடர்ச்சியாக அச்சடித்துக் கணக்கிட்டது. நாம் வாரத்துக்கு ஒரு பக்கம் எடுத்தால், இங்க்ஜெட்டில் கிளீனிங்குக்கே பாதி மை போகக்கூடும்.

'இங்க் டேங்க்' பிரிண்டர்களில் பாட்டில் மையை ஊற்றிக்கொள்ளலாம். பக்கச் செலவு மிகவும் குறைவு. ஆனால் அதுவும் திரவ மைதான். சும்மா கிடந்தால் அதுவும் அடைத்துக்கொள்ளும்.

யாருக்கு எது?

● எப்போதாவது, அதுவும் எழுத்து மட்டும் (பயோடேட்டா, விண்ணப்பம், ரசீது): கறுப்பு வெள்ளை லேசர்.

● பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடு, வாரா வாரம் கலரில் நிறைய பக்கங்கள்: இங்க் டேங்க்.

● வீட்டிலேயே போட்டோ பிரிண்ட்: போட்டோ பேப்பருடன் இங்க்ஜெட்.

● மாதம் நாலைந்து பக்கம்தான்: பிரிண்டரே வேண்டாம். பென் டிரைவுடன் ஜெராக்ஸ் கடைக்குப் போங்கள்.

வாங்கிய பிறகு கவனிக்க

1. இங்க்ஜெட்டை அதன் பவர் பட்டனில்தான் அணைக்க வேண்டும். அப்போதுதான் ஹெட் தன் இடத்துக்குப் போய் மூடிக்கொள்ளும். கரண்ட் வீணாகக் கூடாது என்று அப்பா ஒவ்வொரு முறையும் சுவர் சுவிட்சை அணைத்திருக்கிறார். சொல்லித் தராதது என் தப்பு.

2. வாரம் ஒரு முறையாவது ஒரு கலர் பக்கம் எடுங்கள்.

3. லேசர் பிரிண்டரைக் கம்ப்யூட்டர் யு.பி.எஸ்ஸில் செருகாதீர்கள். சூடேறும்போது பல நூறு வாட் மின்சாரம் இழுக்கும்.

4. இங்க்ஜெட் போட்டோ பேப்பரை லேசரில் போடாதீர்கள். பூச்சு உருகி உள்ளே ஒட்டிக்கொள்ளும்.

5. புது பிரிண்டருடன் வரும் காட்ரிட்ஜ் முழு அளவா, குறைந்த அளவா என்று கடையிலேயே கேளுங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் இருப்பது ஒரு சின்ன கறுப்பு வெள்ளை லேசர். மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும், அப்பா பட்டனை அழுத்தினால் தாள் வருகிறது. யாராவது பிரிண்டர் பற்றிக் கேட்டால், "போன மாதம் எத்தனை நாள், எத்தனை பக்கம் பிரிண்ட் எடுத்தீர்கள்?" என்று திருப்பிக் கேட்கிறேன். அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். பதில் உங்கள் கையிலேயே இருக்கும்.