கழிப்பறைக் கதவுக்கும் சட்டம் உண்டு!

அமெரிக்காவில் ஒரு சிறிய ஓட்டல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவர் சமைக்கிறார். மனைவி கல்லாவில் இருக்கிறார். மகன் பரிமாறுகிறான்.

கட்டிடம் பழையது. சாப்பாட்டுக் கூடத்தை மாற்றிக் கட்ட நினைக்கிறார்கள்.

பின்பக்கம் ஒரு கழிப்பறை. அதன் வாசல் 2 அடி அகலம். "அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்கிறார் கணவர்.

இருக்க முடியாது! சட்டம் விடாது.

தண்ணீர் குடிக்காதவர்கள்

சாதாரண சக்கர நாற்காலியே 2 அடிக்கு மேல் அகலம். 2 அடி வாசலில் அது நுழையாது. அதில் வருகிறவர் சாப்பிடலாம், பணம் கொடுக்கலாம். அவசரத்துக்கு ஒதுங்க மட்டும் இடம் இல்லை. இதற்குப் பயந்தே, வெளியே கிளம்பும் நாளில் தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள் உண்டு.

இந்தக் கொடுமையை மாற்ற எழுந்த போராட்டம் சாதாரணமானது அல்ல.

1990 மார்ச் 12. வாஷிங்டன் பாராளுமன்றக் கட்டிடத்தின் முன்னால் ஊனமுற்றோர் கூடினார்கள். சுமார் 60 பேர் சக்கர நாற்காலிகளையும், ஊன்றுகோல்களையும் கீழே விட்டுவிட்டுப் படிகளில் தவழ்ந்து ஏறினார்கள். அவர்களில் ஒருத்தி 8 வயதுச் சிறுமி!

அந்த ஆண்டு ஜூலை 26-ந் தேதி ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் (மூத்தவர்) சட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

எத்தனை அங்குலம்?

சட்டத்தின் அளவுகள் கறாரானவை. கதவைத் திறந்தால் 32 அங்குல வழி இருக்க வேண்டும். உள்ளே சக்கர நாற்காலி திரும்ப, 5 அடி வட்டம் இடம் வேண்டும். உட்காரும் பீடத்தின் உயரம் 17 முதல் 19 அங்குலம். பக்கத்துச் சுவரிலும் பின்சுவரிலும் பிடித்துக்கொள்ளக் கம்பி. தாழ்ப்பாள், முறுக்கித் திருகாமல் திறக்கும்படி இருக்க வேண்டும்.

கை கழுவும் தொட்டிக்கு அடியில் முழங்கால் நுழைய இடம் விட வேண்டும். அங்கே ஓடும் வெந்நீர்க் குழாய்க்கு உறை போட வேண்டும். ஏன் தெரியுமா? கால் மரத்துப் போனவருக்குச் சூடு தெரியாது. தோல் வெந்த பிறகுதான் தெரியும்!

பணத்துக்கு எங்கே போவது?

சிறு கடைக்காரரின் கவலை நியாயமானதே. சட்டமும் அதைப் பார்த்திருக்கிறது.

கூடத்தை மாற்ற 1 லட்சம் டாலர் செலவு என்றால், அந்தக் கூடத்துக்கு வரும் வழி, கழிப்பறை ஆகியவற்றுக்காக அதற்கு மேல் 20 ஆயிரம் டாலர் வரை செலவிட்டால் போதும். முதலில் வாசல், பிறகு வழி, அப்புறம் கழிப்பறை. வெறும் வெள்ளையடிப்புக்கு இந்த விதி கிடையாது.

வரிச் சலுகையும் உண்டு. ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலருக்கு மேற்படாத கடை, அல்லது முழுநேர ஆட்கள் 30 பேருக்கு மேற்படாத கடை, இந்த மாற்றங்களுக்காக 10,250 டாலர் செலவழித்தால், 5,000 டாலர் வரியில் கழியும். இது தெரியாமலே பலர் கையைப் பிசைகிறார்கள்.

"பழைய கட்டிடம், அதனால் விலக்கு" என்று நினைப்பது தவறு. அதிகச் சிரமமும் செலவும் இல்லாமல் நீக்கக்கூடிய தடையைப் பழைய கட்டிடத்திலும் நீக்கியாக வேண்டும். "நகரசபை அனுமதி கொடுத்துவிட்டது" என்பதும் காப்பாற்றாது. நகரசபை அதிகாரி பார்ப்பது உள்ளூர்க் கட்டிட விதிகளை. இந்தச் சட்டமோ மத்திய அரசின் சட்டம். வழி கிடைக்காதவர் நேரே கோர்ட்டுக்குப் போகலாம்.

பெட்டி, துடைப்பம்!

எல்லாம் கட்டி முடித்த பிறகு ஒரு வேடிக்கை நடக்கும். 5 அடி இடம் காலியாகக் கிடக்கிறதே என்று சோடாப் பெட்டியை அங்கே வைப்பார்கள். அடுத்து துடைப்பம், வாளி, குழந்தைகள் உட்காரும் நாற்காலி எல்லாம் வந்து சேரும். சக்கர நாற்காலி கதவைத் தாண்டி வந்து, பெட்டியில் முட்டி நிற்கும்.

இப்படி வழியை அடைத்து வைப்பதும் சட்டப்படி தவறுதான்.