முதலில் சக்கரம் உருளட்டும்

நீராவி எஞ்சினின் மாதிரியைக் கையாலேயே செய்து பார்க்கலாம் என்று கிட் வாங்குபவர், பெட்டியைத் திறந்ததும் சற்றுத் திகைப்பார். எஞ்சின் சாயலில் உள்ளே எதுவும் இருக்காது. பாகங்கள் பொறிக்கப்பட்ட மெல்லிய பித்தளைத் தகடுகள், ஒரு பையில் புகைபோக்கி முதலிய சில வார்ப்புகள், ஒரு கையேடு, அவ்வளவுதான். சக்கரம், மோட்டார், கியர் மூன்றையும் பெரும்பாலும் தனியாக வாங்க வேண்டும். கிட் விலையை மட்டும் பார்த்துப் பணம் ஒதுக்கினால் வேலை பாதியில் நிற்கும்.

பிரிட்டனில் அதிகம் புழங்கும் ‘ஓஓ’ அளவையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். நிஜ எஞ்சினின் ஓர் அடி, மாதிரியில் 4 மி.மீ. ஆகும், ஏறக்குறைய 76-இல் ஒரு பங்கு. அந்தக் கணக்குப்படி நிஜத் தண்டவாளத்தின் 1,435 மி.மீ. அகலம் 18.83 மி.மீ. ஆக வேண்டும். ஆனால் ‘ஓஓ’ தண்டவாளம் 16.5 மி.மீ.தான். இந்தக் குறையைப் பொறுக்க முடியாதவர்கள் 18.2, 18.83 என்று தனித் தண்டவாளமே போட்டுக்கொள்கிறார்கள். பக்கச் சட்டங்களுக்கு நடுவே வைக்கும் குறுக்குத் தகடு பல கிட்களில் மூன்று அகலங்களில் வருவது அதனால்தான். முதல் எஞ்சினுக்கு 16.5 போதும்.

எந்த எஞ்சின்? ஆசை ‘ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன்’ போன்ற புகழ்பெற்ற விரைவு ரயில் எஞ்சின் பக்கம்தான் இழுக்கும். வெளியே தெரியும் சிலிண்டர், வால்வை இயக்கும் தண்டுகள், நிலக்கரியும் நீரும் சுமக்கும் தனி டெண்டர் என்று அதில் வேலை மூன்று மடங்கு. பெட்டிகளை இடம் மாற்றும் ஜே72 போன்ற சிறிய ஷன்டிங் எஞ்சின் நல்லது. ஜே72, 1898-இல் பொறியாளர் வில்சன் வொர்ஸ்டெல் வடிவமைத்தது. பெரிய மாற்றமில்லாமல் 1951 வரை கட்டினார்கள். ஆறு சக்கரம், சிலிண்டர்கள் உள்ளே மறைந்திருக்கும், தண்ணீர்த் தொட்டியின் பக்கங்கள் தட்டை. தொடங்குபவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

உடலழகைப் பார்த்து பாய்லரிலிருந்து தொடங்கிவிடாதீர்கள். சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டமான சேசிஸ்தான் முதலில். பக்கச் சட்டம் இரண்டும் துளிகூடக் கோணாமல் நிற்க வேண்டும். கண்ணாடித் துண்டின் மேல் வைத்துப் பார்த்தால் ஆட்டம் தெரிந்துவிடும். தகட்டை மடிக்கும்போது, பாதித் தடிப்புக்குப் பொறிக்கப்பட்ட கோடு மடிப்பின் உட்பக்கம் வரும்படி மடியுங்கள்.

சாலிடரிங்கில் பலர் தடுமாறுவது ஒரே இடத்தில்தான்: அயர்ன் உருக்க வேண்டியது சாலிடரை அல்ல, சூடாக்க வேண்டியது உலோகத்தை. தகடு சூடேறி, அதில் தடவிய ஃபிளக்ஸ் திரவம் பொரிந்ததும் சாலிடர் தானாக இடுக்கில் ஓடும். 188 டிகிரியில் உருகுவதை முதலில் பயன்படுத்தி, பக்கத்திலேயே அடுத்த பாகம் வைக்க 145 டிகிரி சாலிடரை எடுத்தால் பழைய இணைப்பு பிரியாது. வெள்ளை உலோக வார்ப்புகளுக்கு 70 டிகிரி. அயர்னின் சூட்டையும் குறைக்க வேண்டும், இல்லையென்றால் புகைபோக்கி கண்ணெதிரே குழம்பாகிவிடும். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் ஃபிளக்ஸைக் கழுவுங்கள். அதிலுள்ள அமிலம் எஃகு அச்சைத் துருப்பிடிக்க வைக்கும்.

அடுத்தது, மூன்று அச்சுகளையும் சேர்க்கும் இணைப்புத் தண்டு. அது சக்கரங்களில் உள்ள முளைகளில் மாட்டும். நிஜ எஞ்சினில் இடப்பக்க முளையும் வலப்பக்க முளையும் 90 டிகிரி தள்ளி நிற்கும். ஒரு பிஸ்டன் கோடியில் போய்ச் சிக்கினாலும் மற்றது தள்ளிவிடும். எஞ்சின் எந்த நிலையில் நின்றாலும் கிளம்பும். மாதிரியில் தள்ளுவது மோட்டார். ஆகவே கோணம் 88 ஆனாலும் கெட்டுப்போகாது. ஆனால் மூன்று அச்சிலும் அதே 88 இருக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் இறுகும். அச்சின் நுனி சதுரமாக இருக்கும் ராம்ஃபோர்டு வகைச் சக்கரம் வாங்கினால் இந்தக் கோணம் தானே அமைந்துவிடும். முதல் முறைக்கு அதையே வாங்கலாம்.

முளையின் நுனியில் வாஷரைப் பற்றவைக்கும்போது சாலிடர் உள்ளே ஓடித் தண்டையும் சேர்த்துப் பிடித்துவிடும். சிகரெட் சுற்றும் மெல்லிய காகிதத்தில் எண்ணெய் நனைத்து, தண்டுக்கும் வாஷருக்கும் நடுவே கொடுங்கள். பற்றவைத்தபின் காகிதத்தைக் கிழித்து உருவிவிட்டால், தேவையான இடைவெளியும் கிடைத்திருக்கும்.

இனி மோட்டாரை மாட்டுமுன் சேசிஸைச் சாய்வான கண்ணாடியில் விட்டுப் பாருங்கள். தானாக உருண்டு வர வேண்டும். இந்தச் சோதனையைத் தள்ளிப்போட முடியாது: மோட்டாரின் திருகுப் பல் கியரோடு சேர்ந்தபின் சக்கரத்தைக் கையால் சுற்றவே முடியாது, இறுக்கம் எங்கே என்றும் தெரியாது. எங்காவது இறுகினால் தண்டின் துளையை ரீமரால் மயிரிழை அகலப்படுத்திப் பாருங்கள். அதிகம் வேண்டாம், தளர்ந்த துளையை மீண்டும் சுருக்க வழியில்லை.

சேசிஸ் ஓடிவிட்டால் உடல் வேலையில் அவசரம் இருக்காது. ஒன்று மட்டும் முன்கூட்டியே நினைவில் வையுங்கள்: எஞ்சின் வழுக்காமல் இழுக்க எடை வேண்டும். தண்ணீர்த் தொட்டியின் மேல்தகட்டை மூடுவதற்கு முன்பே ஈயத் துண்டுகளை உள்ளே வைத்து, எடை மூன்று அச்சுக்கும் சமமாக விழுகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.