நோயாளி அளிக்கும் பட்டம்

போர்க்களத்தில் வீரம் காட்டியவருக்குப் பதக்கம் உண்டு. சங்கீத மேடையில் கீர்த்தி பெற்றவருக்குப் பட்டமும் பொன்னாடையும் உண்டு. நள்ளிரவில் வேதனை தாளாமல் தவிக்கும் நோயாளியின் நெற்றியில் கை வைத்து, "பயப்படாதீர்கள் அம்மா, நான் இங்கேதான் இருக்கிறேன்" என்று தேற்றும் நர்ஸுக்கு என்ன உண்டு? மாதச் சம்பளம் உண்டு என்று சிலர் விடை கூறலாம். அச்சம்பளம் ஊசி போடுவதற்கும் மருந்து கொடுப்பதற்கும் உரியது. அந்த இன்சொல்லுக்கு எந்த விதிப் புத்தகத்திலும் கூலி குறிக்கப்படவில்லை.

இவ்வுண்மையை ஓர் அமெரிக்கக் குடும்பம் பெருந்துயரத்தினிடையே கண்டது. 1999-ஆம் ஆண்டில் பாட்ரிக் பார்ன்ஸ் என்னும் 33 வயது வாலிபர் ஆஸ்பத்திரியில் காலமானார். இரத்தத்தை உறையச் செய்யும் அணுக்களை உடலே அழித்துவிடும் கொடிய நோய் அவரைப் பீடித்திருந்தது. வைத்தியம் தோற்றது, ஆனால் நர்ஸுகள் காட்டிய பரிவு தோற்கவில்லை. அப்பரிவுக்கு நன்றி செலுத்தவே குடும்பத்தார் 'டெய்ஸி' என்னும் விருதை ஏற்படுத்தினர். நோயாளிகளும் அவர்தம் உறவினரும் தாங்கள் கண்ட நற்செயலை எழுதி அனுப்பி, அதற்குரியவரைச் சிபார்சு செய்யலாம் என்பதே அதன் விசேஷம். விருது பெறுபவருக்கு ஜிம்பாப்வே தேசத்துச் சிற்பிகள் கையால் செதுக்கிய கற்சிலை ஒன்று அளிக்கப்படுகிறது.

நம் பாரத தேசமும் இக்கடமையை மறந்துவிடவில்லை. கிரீமியா யுத்தத்தில் காயமுற்ற சிப்பாய்களுக்குப் பணிவிடை செய்த ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் பெயரால், 1973-ஆம் ஆண்டில் இந்திய சர்க்கார் ஒரு தேசிய விருதை நிறுவியது. கேரளத்தில் பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரியில் பணியாற்றிய லினி என்னும் நர்ஸுக்கு 2019-ஆம் ஆண்டில் அவ்விருது வழங்கப்பட்டது. 'நிபா' ஜுரம் கண்ட நோயாளிக்குப் பணிவிடை செய்து, தாமும் அந்நோய்க்கு ஆளாகி, 2018 மே மாதம் 21-ஆம் தேதி அவர் உயிர் துறந்தார். இரண்டு பச்சிளங் குழந்தைகளின் தாய் அவர். குடியரசுத் தலைவர் அளித்த விருதை அவருடைய கணவரே பெற்றுக்கொண்டார்.

மறைந்தவருக்கு மாலை சூட்டுவதில் நாம் வல்லவர்கள். உயிரோடு உழைப்பவரிடம் இரண்டு நல்ல வார்த்தை பேசுவதிலோ மகா கஞ்சர்கள்! அறையைக் கூட்டும் ஆயாவும், தள்ளுவண்டியைத் தள்ளும் ஆளும், மலஜலம் எடுத்துச் சுத்தம் செய்பவரும் நம் கண்ணிலேயே படுவதில்லை. வீடு திரும்பும்போது அவர்கள் கையில் காசைத் திணிப்பதே நன்றி என்று நினைத்துவிட்டோம். காசு கொடுத்துப் பழக்கினால், காசில்லாத ஏழையின் கட்டில் கவனிப்பாரற்றுப் போகும் என்பதை யோசித்தோமா?

விருதுகள் மாத்திரம் போதும் என்று நாம் சொல்லவில்லை. ஒரே நர்ஸின் தலையில் அளவுக்கு மீறிய படுக்கைகளைச் சுமத்திவிட்டு, அவர் முகத்தில் புன்னகையை எதிர்பார்ப்பது நியாயமன்று. போதிய ஆட்களும் தக்க ஊதியமும் முதலில் வேண்டும். அவற்றைத் தருவது ஆட்சியாளர் கடமை.

ஆனால் நம்மால் ஆவதும் ஒன்றுண்டு. குணமடைந்து வீடு திரும்பியதும் ஆஸ்பத்திரித் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதுவோம். பரிவு காட்டியவர் யார், என்று, என்ன செய்தார் என்பதைப் பெயரோடும் தேதியோடும் தெரிவிப்போம். செலவு தபால் கூலி மாத்திரமே. அக்கடிதத்தைப் படித்துக் காட்டும்போது அந்த ஆயாவின் முகம் மலருமே, அதைவிடப் பெரிய பட்டம் வேறு உண்டோ?