இடமாற்றப் பட்டியலும் மாதாந்த ஊசியும்

சுகாதார அமைச்சின் வருடாந்த இடமாற்றப் பட்டியலைத் தேடிப் படிப்பவர்கள் வைத்தியர்களும் அவர்களுடைய வீட்டாரும்தான். மலையகத்தின் டிக்கோயா, மஸ்கெலியா, லிந்துலை ஆஸ்பத்திரிகளுக்குக் கிளினிக் கொப்பியோடு வந்து காத்திருக்கும் தோட்டத்து மனநோயாளிக்கு அப்படியொரு பட்டியல் இருப்பதே தெரியாது. ஆனால் அதனால் அதிகம் இழப்பது அவர்தான். கை முறிந்தவருக்கு எக்ஸ்ரே உண்டு, சீனி வியாதிக்காரருக்கு இரத்தப் பரிசோதனை உண்டு. மனநோய்க்கு அப்படி ஒன்றும் இல்லை. நோயாளி பேசுவதும், அவர் முன்பு எப்படி இருந்தார் என்பது வைத்தியருக்கு நினைவிருப்பதும்தான் பரிசோதனை. வைத்தியர் மாற்றலாகிப் போனால் அந்த நினைவும் அவரோடு போய்விடும். கொப்பியில் மருந்தின் பெயரும் அளவும் மிஞ்சும். புதிதாக வந்தவருக்கு அதே மாதாந்த ஊசியை அதே அளவில் திரும்ப எழுதுவதே பத்திரமான வழி. குறைத்திருக்க வேண்டிய மருந்து குறையாமல் வருடக்கணக்கில் ஓடுவது இப்படித்தான். ஆளணி விதிகளை நிர்வாகக் கோப்பில் கிடக்கும் விஷயமாக எண்ணுவது தவறு என்பதே என் வாதம். மனநலத்தைப் பொறுத்தவரை அவை சிகிச்சையின் ஒரு பகுதி.

இலங்கையின் மனநலச் சட்டம் இன்னமும் 1873ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம்தான். ஆளைக் கொண்டுபோய் அடைப்பதைப் பற்றியே அது பெரிதும் பேசுகிறது. அதற்கேற்ப நெடுங்காலம் எல்லாம் அங்கொடை மனநல ஆஸ்பத்திரியில் குவிந்து கிடந்தன. 2004 சுனாமிக்குப் பிறகு காற்று திசைமாறியது. 2005இல் புதிய மனநலக் கொள்கை வந்தது. மாவட்டந்தோறும் சிகிச்சைப் பிரிவு, மனநல மருத்துவ உத்தியோகத்தர்கள், ஊருக்குள் போய்ப் பார்க்கும் ஊழியர்கள் என்று அது பேசியது. சுனாமிக்கு முன் 10 மாவட்டங்களில் மட்டும் இருந்த மனநலச் சேவை பின்னர் 20 மாவட்டங்களுக்குப் பரவியதாக உலக சுகாதார நிறுவனம் 2013இல் எழுதியது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் சுனாமிப் பணமும் அதோடு வந்த ஊர் உதவி உத்தியோகத்தர்களும் போனது கரையோரத்துக்கு. மலைக்குக் கடல் ஏறி வரவில்லை. இங்கே வந்தவை பெரும்பாலும் கட்டடங்கள். டிக்கோயாவில் இந்திய உதவியில் 150 கட்டில்களோடு எழுந்த ஆஸ்பத்திரியை 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மோடியே வந்து திறந்து வைத்தார். கட்டடத்துக்கு இடமாற்றம் கிடையாது என்பது அதன் ஒரு வசதி.

அடுத்தது மொழி. 2012 குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கும் மேற்பட்டோர் மலையகத் தமிழர். தமிழ் ஆட்சிமொழியானது 1987இல். ஆனாலும் தமிழ் பேசும் தாதியரும் மருத்துவமாதுகளும் தட்டுப்பாடாகவே இருக்கிறார்கள். மொழிபெயர்க்க ஒருவர் இருந்தால் போதாதா என்று கேட்கலாம். காய்ச்சலுக்குப் போதும். குடித்துவிட்டு அடிக்கும் கணவனால் தூக்கம் கெட்ட பெண்ணை, சிங்களம் தெரியும் என்பதற்காக அதே கணவன் கிளினிக்குக் கூட்டி வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். "இவவுக்கு நித்திர வருதில்லையாம்" என்று அவன் சொல்வதுதான் கொப்பியில் ஏறும், தூக்க மாத்திரையும் கிடைக்கும்.

தட்டுப்பாட்டின் வேர் ஆஸ்பத்திரியில் இல்லை. தாதியர் பயிற்சிக்கு உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவுச் சித்தி வேண்டும். அந்தப் பிரிவு உள்ள தோட்டப் பாடசாலைகளோ மிகக் குறைவு. அவை பெருகும்வரை காத்திருக்க முடியாது என்பதால் இன்னொரு வழியையும் பார்க்க வேண்டும். தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராக்களில் தோட்டத்துப் பெண்களே பயிற்சி பெற்று வேலை பார்க்கிறார்கள். ஊரிலேயே இருப்பவருக்கு ஊரைவிட்டுப் போகும் அவசரம் இல்லை. மனநலத்திலும் இது நடக்கும். கோவாவில் வைத்தியர் அல்லாத உள்ளூர் ஆலோசகர்களைப் பயிற்றி ஆரம்ப சுகாதார நிலையங்களில் வைத்துப் பார்த்த ஆய்வு 2010இல் வெளியானது. அரச நிலையங்களில் ஆறு மாதத்தில் குணமானவர்கள் 66 சதவீதம். ஆலோசகர் இல்லாத இடங்களில் 42தான். தனியார் வைத்தியரிடம் போனவர்களிடையே ஆலோசகர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நோயாளியை ஏற்கெனவே அறிந்த வைத்தியர் தனியாரிடத்தில் இருந்ததே காரணமாகலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏழைக்கு அரைகுறை வைத்தியமா என்ற கோபம் நியாயமானது. வைத்தியருக்குப் பதிலாக இவர்களை வைத்தால் அது அநியாயம்தான். வைத்தியரின் கீழே, அவர் போனாலும் தொடர்ந்து இருப்பவர்களாக வைப்பது வேறு விஷயம். இதைவிடக் கனமான ஆட்சேபணை ஒன்றுண்டு. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்கள் ஒட்டிக் கிடக்கும் லயத்தில் இரகசியம் ஏது? பக்கத்துக் காம்பராக்காரி மனநல ஊழியரானால் யார் வாய் திறப்பார்கள்? ஒரு தோட்டத்துப் பிள்ளையை அடுத்த தோட்டத்துக்கு நியமிப்பதும், வீட்டில் சந்திக்காமல் டிஸ்பென்சரியில் சந்திப்பதும், இரகசியம் மீறினால் வேலை போகும் என்று நியமனக் கடிதத்திலேயே எழுதுவதும் இதற்குப் பெரும்பாலும் போதும். முழுக்கத் தீராது.

வைத்தியரைக் கட்டாயப்படுத்தி மலையில் வைத்திருக்க முடியுமா? முடியாது, கூடாது. அவருக்கும் பிள்ளைகளின் படிப்பு உண்டு. 2022 நெருக்கடியில் ஐந்து வருடம் சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போக அரச ஊழியருக்கு வழி திறந்தபோது, யாரையும் தடுத்து வைக்க முடியாது என்பதை அரசே ஒப்புக்கொண்டது. 2024 ஜனவரியில் வைத்தியர்களின் கொடுப்பனவு 35,000 ரூபாயிலிருந்து 70,000 ஆனது. தங்களுக்கும் வேண்டும் என்று ஏனைய சுகாதார ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கொழும்பில் இருப்பவருக்கும் மஸ்கெலியாவில் இருப்பவருக்கும் ஒரே கொடுப்பனவு என்றால் மஸ்கெலியாவை யார் கேட்பார்கள்? கஷ்டப் பிரதேசத்தில் மூன்று வருடம் தொடர்ந்து இருப்பவருக்குத் தனிப்படியும் மேற்படிப்பில் முன்னுரிமையும் கொடுக்கலாம். போகிறவர் வருகிறவரோடு ஒரு மாதம் சேர்ந்து கிளினிக் பார்த்த பின்பே விடுவிக்கப்பட வேண்டும் என்ற விதி போடப் பெரும் செலவும் இல்லை.

வேலைத்தல விதி என்றால் தோட்டத்தின் விதியும் அதில் சேர்த்திதான். மாதத்தில் ஒரு நாள் ஊசிக்குப் போனால் அன்றைக்குப் பேர் இல்லை, அதாவது நாட்சம்பளம் இல்லை. கூட்டிப் போகிறவருக்கும் பேர் இல்லை. ஒரு வீட்டில் இரண்டு பேர் போனால் யாருக்கும் யோசனை வரும், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று. கிளினிக் கொப்பியில் முத்திரை இருந்தால் அரைப்பேராவது உண்டு என்று எழுதிவைக்க முன்பு தொழிற்சங்கங்களும் தோட்டக் கம்பனிகளும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தம் என்று ஓர் இடம் இருந்தது. 2021இல் சம்பள நிர்ணய சபை வழியாக ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் வந்ததும் கம்பனிகள் அதிலிருந்து விலகிக்கொண்டன. அதற்குப் பிறகு தொழிற்சங்கங்கள் நாட்சம்பளத்தைப் பற்றி ஓயாமல் பேசியிருக்கின்றன. கிளினிக் நாளைப் பற்றியும் அவை பேசத் தொடங்கலாம்.