சருமப் பராமரிப்பில் சாலிசிலிக் அமிலம்: செறிவும் பயன்பாடும்

முன்னுரை

தாம்பரம் முதல் சிங்கப்பெருமாள் கோவில் வரையிலான சென்னைத் தென்புறநகரில் கோடை வெப்பமும் காற்றின் ஈரப்பதமும் சேர்ந்து வியர்வையையும் முகத்தின் எண்ணெய்ப் பிசுக்கையும் மிகுவிக்கின்றன. முகப்பருவுக்கு மருத்துவச் சீட்டின்றி வாங்கப்படும் பொருள்களுள் சாலிசிலிக் அமிலம் முதன்மையானது. செறிவுக்கேற்ப இது ஒப்பனைப் பொருளாகவும், மருந்தாகவும், தோலை அரிக்கும் பொருளாகவும் அமைவதை இக்கட்டுரை விளக்குகிறது.

தோற்றம்

வில்லோ மரத்தின் இலத்தீன் பெயரான ‘சாலிக்ஸ்’ என்பதே இப்பெயருக்கு அடிப்படை. அம்மரப்பட்டையில் உள்ள சாலிசினிலிருந்து 1838இல் ரஃபாயேல் பிரியா இவ்வமிலத்தைப் பெற்றார். தமிழகத்திலும் இதற்கொரு மூலம் உண்டு. நீலகிரியில் வளரும் ஒரு குறுஞ்செடியின் இலையிலிருந்து வடிக்கப்படும் விண்டர்கிரீன் தைலம் பெரும்பாலும் மீத்தைல் சாலிசிலேட்டே. அதைக் காரத்துடன் கொதிக்கவைத்துப் பின் அமிலமாக்கினால் சாலிசிலிக் அமிலம் கிடைக்கும். ஆயினும் மூட்டுவலிக்குத் தேய்க்கும் அத்தைலம் முகத்திற்கு உரியதன்று.

செயற்படும் முறை

மயிர்க்கால் துளையில் இறந்த செல்களும் நெய்ச்சுரப்பியின் கொழுப்பும் அடைபடுவதே பருவின் தொடக்கம். சாலிசிலிக் அமிலம் கொழுப்பில் கரைவதால் துளைக்குள் இறங்கி, இறந்த செல்களின் பிணைப்பைத் தளர்த்துகிறது. எனவே கரும்புள்ளிகளுக்கு இது ஏற்றது. சீழும் கட்டியும் கொண்ட பருக்களுக்கு இது மட்டும் போதாது.

செறிவும் அமிலத்தன்மையும்

முகத்தில் பூசுவதற்கு 0.5 முதல் 2 விழுக்காடு வரை பொருந்தும். படர்தாமரைக்குரிய விட்ஃபீல்டு களிம்பில் 6 விழுக்காடு பென்சாயிக் அமிலத்துடன் இது 3 விழுக்காடு உள்ளது. மருக்களுக்கான கரைசலில் ஏறத்தாழ 17 விழுக்காடும், கால் ஆணிக்கான ஒட்டுப்பட்டையில் 40 விழுக்காடும் இருக்கும். பெயர் ஒன்றே எனக் கருதி இவற்றை முகத்தில் பூசுவது தோலைப் புண்ணாக்கும்.

விழுக்காடு ஒன்றாயினும் பயன் ஒன்றாகாது. அயனியாகாத மூலக்கூறுகளே தோலுக்குள் எளிதில் ஊடுருவும். அமில-கார அளவு 3 ஆக இருக்கையில் ஏறத்தாழப் பாதி மூலக்கூறுகள் அந்நிலையில் இருக்கும். 5 ஆகும்போது 1 விழுக்காடே எஞ்சும். கழுவிவிடும் பொருள்கள் தோலில் தங்கும் நேரமும் குறைவு.

பயன்படுத்தும் முறை

இரவில் முகம் கழுவி உலர்ந்தபின், வாரத்திற்கு இரண்டு மூன்று நாள்கள் மட்டும் மெல்லியதாகப் பூசித் தொடங்க வேண்டும். எரிச்சல் இல்லையெனில் படிப்படியாகக் கூட்டலாம். அதன்மேல் ஈரப்பதமூட்டியும், பகலில் வெயிற்காப்புப் பூச்சும் தேவை. மாற்றம் தெரிய ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகலாம்.

மிகையாகப் பூசினால் தோல் வறண்டு அழற்சியுறும். மாநிறத் தோலிலும் கருநிறத் தோலிலும் அவ்வழற்சி கரும்படலமாகப் பல மாதங்கள் தங்கிவிடும். பருவினும் அத்தழும்பே நீடிக்கும். வியர்க்குருவைப் பரு எனக் கருதி இதைப் பூசுவதும் எரிச்சலையே தரும். ஆஸ்பிரின் ஒவ்வாமை உடையோர் இதைத் தவிர்க்க வேண்டும். கருவுற்றோர் மருத்துவரைக் கேட்டே பயன்படுத்த வேண்டும். தோல்வழி உறிஞ்சப்பட்டு நச்சாகக்கூடும் என்பதால் குழந்தைகளுக்குத் தாமாகப் பூசலாகாது.

முடிவுரை

சாலிசிலிக் அமிலத்தின் பயன் அதன் பெயரில் இல்லை. செறிவு, அமிலத்தன்மை, தோலில் தங்கும் நேரம் ஆகிய மூன்றிலும் உள்ளது. வெப்பமும் ஈரப்பதமும் மிக்க புறநகர்ச் சூழலில் அடிக்கடி பூசுவதைவிட அளவறிந்து பூசுவதே நலம் பயக்கும். பொதியுறையில் செறிவும் எச்சரிக்கையும் தமிழில் தெளிவாக அச்சிடப்பட்டால், அவ்வளவை அறிவது பயனர்க்கு எளிதாகும்.