வெயிலும் மழையும் பிரியாத மண்

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வானத்தை மட்டும் பார்த்து இது எந்த மாதம் என்று சொல்வது கடினம். ஜனவரியிலும் வியர்க்கிறது, ஜூலையிலும் மழை பெய்கிறது. இத்தகைய பருவநிலையை அறிவியலாளர்கள் 'வெப்பமண்டல மழைக்காட்டுப் பருவநிலை' என்று அழைக்கின்றனர். அமேசான், காங்கோ ஆற்றுப் படுகைகளின் பல பகுதிகளும் இந்தோனீசியாவின் பெரும்பகுதியும் இதே வகையைச் சேர்ந்தவை.

இரண்டு நிபந்தனைகள்

ஓர் இடம் இந்த வகையில் சேருமா என்பதை முடிவு செய்ய, ரஷ்யாவில் பிறந்த ஜெர்மானிய அறிஞர் விளாடிமிர் கோப்பென் இரண்டு நிபந்தனைகளை வகுத்தார். ஆகக் குளிர்ந்த மாதத்திலும் சராசரி வெப்பநிலை 18 டிகிரி செல்சியசுக்குக் குறையக்கூடாது. ஆகக் குறைவாக மழை பெய்யும் மாதத்திலும் சராசரியாக 60 மில்லிமீட்டர் மழையாவது பெய்ய வேண்டும்.

சிங்கப்பூர் இவ்விரண்டிலும் எளிதாகத் தேறிவிடுகிறது. 1991 முதல் 2020 வரையிலான பதிவுகளின்படி, ஆண்டுக்குச் சராசரியாக 2,113 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மழை குறைந்த பிப்ரவரியில்கூட ஏறத்தாழ 105 மில்லிமீட்டர் கிடைக்கிறது. டிசம்பரில் அது 330 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. சென்னையிலும் ஆண்டு முழுவதும் வெப்பம் உண்டு. ஆனால் அங்கு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மழை மிகச் சொற்பம் என்பதால் அது இந்த வகையில் சேராது.

குளிர்காலம் ஏன் இல்லை?

சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே 140 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் உள்ளது. ஆகவே ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம் நீடிக்கிறது. நண்பகல் சூரியனும் உச்சிக்கு அருகிலேயே இருக்கிறது. சுற்றியுள்ள கடலோ எளிதில் சூடாவதுமில்லை, குளிர்வதுமில்லை. இதனால் மாதச் சராசரி வெப்பநிலைகளுக்கு இடையே 2 டிகிரி வேறுபாடுகூட இல்லை. பகலுக்கும் இரவுக்கும் உள்ள வேறுபாடு அதைவிடப் பெரியது. இரவுதான் இங்கு குளிர்காலம் என்றுகூடச் சொல்லலாம்.

மழையின் பிறப்பும் அந்த வெப்பத்தில்தான். காலை வெயிலில் நிலம் சூடாகிறது. ஈரம் நிறைந்த காற்று மேலே எழுந்து, குளிர்ந்து, இடிமேகமாகத் திரள்கிறது. பிற்பகலில் பொழுது இருட்டிக்கொண்டு வந்து ஓரிரு மணி நேரம் கொட்டித் தீர்ப்பது இதனால்தான். ஏப்ரல் முதல் நவம்பர் வரை வேறொரு மழையும் உண்டு. மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து விடியலுக்கு முன்னும் காலையிலும் பலத்த காற்றுடன் வரும் அதற்கு 'சுமத்ரா' என்று பெயர்.

தோட்டப்புறத்தில் வாழ்ந்தவர்களுக்கு அந்த விடியல் மழையின் விலை நன்றாகத் தெரியும். வெயில் ஏறுவதற்கு முன்தான் ரப்பர் மரத்தில் பால் நன்றாக வடியும். பட்டை நனைந்திருந்தால் பால், வெட்டிய கோட்டில் ஓடாமல் வழிந்து வீணாகிவிடும். கோப்பையிலும் மழைநீர் கலந்துவிடும். அன்றைக்கு மரம் வெட்ட முடியாது. வெட்டு இல்லையென்றால் கூலியும் பாதிக்கப்படும்.

காடு செழிப்பு, மண் வறுமை

அடர்ந்த காட்டைப் பார்ப்பவர்கள் அதன் மண் மிக வளமானது என்று எண்ணுவார்கள். பெரும்பாலும் உண்மை அதற்கு நேர்மாறானது. இடைவிடாத மழை மண்ணின் சத்துகளைக் கரைத்துக் கொண்டுபோய்விடுகிறது. விழும் இலைகளோ வெப்பத்திலும் ஈரத்திலும் விரைவாக மக்கிவிடுகின்றன. மேலாகப் பரவியிருக்கும் வேர்கள் அந்தச் சத்தை உடனே உறிஞ்சிக்கொள்கின்றன. செல்வம் மரங்களில் இருக்கிறது, மண்ணில் இல்லை. காட்டை அழித்தால் நிழலும் போகிறது, மண்ணும் மழையோடு போகிறது.

உடலுக்கு வரும் சோதனை

இந்தப் பருவநிலையில் மனிதனைச் சோதிப்பது வெப்பத்தைவிட ஈரப்பதம்தான். வியர்வை உலரும்போதுதான் உடல் குளிர்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை சொட்டுமே தவிர உலராது. தமிழ்நாட்டின் வறண்ட கோடையில் வேலை செய்து பழகிய ஊழியர்கூட இங்கு 33 டிகிரியில் தளர்ந்துபோவதற்கு இதுவே காரணம். 2023 மே 13ஆம் தேதி அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானது. 1983க்குப் பிறகு சிங்கப்பூர் அந்த அளவைக் கண்டது அதுவே முதல் முறை.

அதே ஆண்டு அக்டோபரில் மனிதவள அமைச்சு புதிய விதிகளை அறிவித்தது. வெப்பம், ஈரப்பதம், காற்று, வெயில் நான்கையும் சேர்த்துக் கணிக்கும் அளவீடு 32 டிகிரியை எட்டினால், வெளியில் கடுமையாக உழைப்போருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிடம் நிழலில் ஓய்வு தர வேண்டும். புதிதாக வருவோர் வெயில் வேலைக்குப் பழகக் குறைந்தது 7 நாள் அவகாசமும் வேண்டும்.

சராசரியை மட்டும் நம்பவும் முடியாது. 1978 டிசம்பர் 2ஆம் தேதி பாய லேபாரில் ஒரே நாளில் 512 மில்லிமீட்டர் மழை கொட்டியது. 2014 பிப்ரவரி மாதம் முழுவதும் சாங்கியில் பெய்த மழை 0.2 மில்லிமீட்டர் மட்டுமே. மழைக்காட்டு நாட்டிலும் வறட்சி வரும், வெள்ளமும் வரும். கால்வாயைத் தூர் வாரி வைப்பதும், குழாய்நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதும், வெயிலில் உழைப்பவருக்கு நிழலும் தண்ணீரும் கொடுப்பதும் ஆண்டு முழுவதும் தேவையான கடமைகள்.